கால் பவுன் அசோகர்

ராஜகீழ்ப்பாக்கம்,
3-5-1992

பிறந்த வீட்டை மறக்காத என் அக்கா செல்லியம்மாளுக்கு, குரோம்பேட்டைக் கடைக்கும் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் தம்பி ஏகநாதன் வணங்கி எழுதுவது. நானும் ஜெயக்கொடியும் குழந்தை காந்திமதியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் நேற்று சாயங்காலத்திலிருந்து சௌக்கியம். மாற்றலாகிப் போன ஊரில் மாமாவுக்குத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, உன் முழங்கால் வலி தேவலையா என்று எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. காந்திமதியின் நிச்சயதார்த்தம் நகை விஷயத்தில் நின்றுபோனதாக யாரோ உன்னிடம் சொன்னார்களாம். நீ மனசு கேட்காமல் உன் இரட்டை வடச் சங்கிலியைத் தருகிறேன் என்று எழுதியதைப் படித்து ஜெயக்கொடி அடுப்படியில் போய் அழுதாள். அக்கா, சங்கிலி உன் கழுத்திலேயே இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் நகை என்று வாயே திறக்கவில்லை. நிச்சயதார்த்தம் நின்றது ராஜேந்திர சோழனால். இதை எப்படி உனக்குக் கடிதத்தில் எழுதிப் புரியவைப்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

அன்றைக்கு அவர்கள் முடிச்சூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை தயாளனை உனக்குப் போட்டோவில் தெரியும், தங்கமான பையன், சானடோரியம் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. அவனுடைய அப்பா ஜெயவேலு பரம்பரையாக முடிச்சூரில் விவசாயம் பார்த்தவர், இப்போது அந்த வயல்களையே மனை போட்டு விற்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. ராகுகாலம் முடிந்ததும் தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அந்த நேரத்தைப் போக்குவதற்காக எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம், அப்போதுதான் அவர் கண் சுவரில் இருந்த உலகப் படத்தின் மேல் விழுந்தது. அந்தப் படம் அங்கே வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. என் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மேப், சார்ட் எல்லாம் விற்கிறேனே, போன டிசம்பரில் ரஷ்யா பதினைந்து தேசமாகப் பிரிந்து போனதும், பழைய ரஷ்யாவைப் போட்ட உலகப் படத்தை எந்தப் பள்ளிக்கூடமும் வாங்க மாட்டேன் என்றது. அங்கே யாருக்கு என்ன நஷ்டமோ, இங்கே எனக்கு இரண்டு கட்டு படம் நஷ்டம். அதில் ஒன்றைத்தான், வருகிறவர்கள் கண்ணில் சுவர் ஈரம் படக்கூடாது என்று ஜெயக்கொடி மாட்டி வைத்தாள்.

ஜெயவேலு எழுந்து போய்ப் படத்தைப் பார்த்தார். "இன்னா சம்பந்தி, இம்மாம் பெரிய ஒலகத்துல நம்ம சோழன் எங்க கீறான்?" என்றார். நான் பக்கத்தில் போய் விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். "இம்மாத்தூண்டா?" என்றார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மேப் விற்கிறவன் என்கிற பெருமை விடவில்லை. அசோகர் இதைவிடப் பல மடங்கு என்று சொல்லி, காபூலிலிருந்து மைசூர் வரை கையை அகலமாக விரித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"ராஜேந்திரன் கங்கை வரைக்கும் போனான், தெரியுமா?"

"போனான், திரும்பி வந்துட்டானே சம்பந்தி. போயிட்டு வந்ததெல்லாம் ஆட்சியில சேராது."

"கடாரம்?"

"ஜெயிச்சான். ஆனா பட்டா மாத்திக்கலை."

நான் விளையாட்டாகச் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, கடலு? நடுவுல கீற கடலு பூரா அவன் கப்பலு ஓடிச்சி. அத்த சேத்து அள. அப்பால யாரு பெரியவன்னு சொல்லு" என்றார். தண்ணீரை எப்படி நிலத்தில் சேர்ப்பது என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடினேனா? உதாரணம் சொன்னேன், அக்கா. "ஏரித் தண்ணி நிக்கிற இடத்தையும் பிளாட்டுல சேத்து விக்கிறாங்களே, அந்த மாதிரில்ல ஆயிடும்" என்றேன். சத்தியமாக அவரை மனசில் வைத்துச் சொல்லவில்லை. அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதே அந்த நிமிஷம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. தயாளன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயவேலு துண்டை உதறித் தோளில் போட்டார். "சோழனுக்கு எவ்ளோ எடம்னு ஒயுங்கா அளந்து குடுத்துட்டு வா. பொண்ணு எடுக்கறதா வேணாமான்னு அப்பால பேசிக்கலாம்" என்றார். கொண்டுவந்த தட்டுகள் வந்தபடியே வேனில் ஏறின.

அன்றிலிருந்து காந்திமதி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சேலையூரில் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள், வருவாள், தட்டை வைப்பாள், எடுப்பாள். கோபித்துக் கத்தினாலாவது பதில் சொல்லலாம். அவள் தயாளனை ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது அந்த மௌனத்தில்தான் எனக்கே தெரிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவருக்காக என் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று கடையில் உட்கார்ந்து பென்சிலுக்குப் பதில் பேனா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தயாளனே கடைக்கு வந்தான். "மாமா, அப்பா சரியா சாப்பிட மாட்றாரு. என் பழைய ஹிஸ்டரி புக்கை எடுத்து வச்சிகினு, காலண்டர் தாளுக்குப் பின்னாடி கணக்குப் போட்டுகினே கீறாரு" என்றான். என்ன கணக்கு என்று கேட்டேன். அசோகருக்கு எத்தனை கிரவுண்டு என்று கணக்காம். ஐம்பது லட்சம் சதுர கிலோமீட்டர் என்று எங்கோ படித்திருக்கிறார், அதைச் சதுர அடியாக்கி இரண்டாயிரத்து நானூறால் வகுத்திருக்கிறார். தாள் போதாமல் அடுத்த மாதத்தையும் கிழித்திருக்கிறார். விடை இரண்டாயிரத்து இருநூறு கோடி கிரவுண்டுக்கு மேல் வந்ததாம். "ரோட்டுக்கு முப்பது பர்சன்ட், பார்க்குக்குப் பத்து பர்சன்ட் கழிச்சிப் பாத்தேன், அப்பவும் தலை சுத்துதுடா" என்று பையனிடம் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் இருந்த வருத்தம் பாதி போய்விட்டது. வருஷக்கணக்காக மேப் விற்கிறேன், ஒரு நாளாவது அந்த நிறத்துக்குள் எத்தனை நிலம் இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை. அந்த மனுஷன் அதைத் தன் அளவில் இறக்கி வைத்துப் பார்த்துத் திகைத்துப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஜெயக்கொடியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு பேருக்கும் எது பெருசுன்னுதானே தெரியணும்? தராசுல வச்சுப் பாருங்க. பொண்ணு கல்யாணத்தையும் கூடவே வச்சு எடை போடுங்க" என்றாள். அவள் குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குப் பொறி தட்டியது. ஒரே அளவு படம், ஒரே கனத்து அட்டை. ஒவ்வொரு ராஜ்யத்தையும் அதன் எல்லைப்படி வெட்டி எடுத்தால், எது கனமோ அதுதான் பெரியது. என்னிடம்தான் விற்காத உலகப் படம் இரண்டு கட்டு இருக்கிறதே. படங்களை அட்டையில் ஒட்ட அன்றைக்கே பசை காய்ச்சச் சொன்னேன். ஜெயக்கொடி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அக்கா, ஒரு சாம்ராஜ்யத்தைக் கத்தரிப்பது அத்தனை சுலபமில்லை. கடையில் இருந்த சரித்திர அட்லஸ் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டேன். ஒன்றில் அசோகருக்கு வடக்கே கோடு ஒரு பக்கம் போகிறது, இன்னொன்றில் விரற்கடை தள்ளிப் போகிறது. அந்த விரற்கடையில் நம் தமிழ்நாடு முழுக்க அடங்கிவிடும். ஒரு புத்தகத்தில் நடுவில் காடும் மலையுமாக இருந்த இடங்களை அவருடையது இல்லை என்று ஓட்டை ஓட்டையாக விட்டிருக்கிறது, இன்னொன்று அத்தனையையும் ஒரே சிவப்பாகப் பூசியிருக்கிறது. எது சரி என்று அசோகரையே கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருப்பாரா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவர் இருந்த ஊரிலிருந்து எல்லைக்கு ஆள் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். அவர் செத்த செய்தி போய்ச் சேர்கிற வரைக்கும் அங்கே அவர்தான் ஆண்டுகொண்டிருந்திருப்பார். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிறுப்பதுதான் நிறுக்கிறோம் என்று குப்தர்கள், ஔரங்கசீப், மங்கோலியர் என அட்லஸில் அகலமாகத் தெரிந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டேன். மங்கோலியர்களை வெட்ட உட்கார்ந்தபோது கை வலித்தது, அக்கா. சீனக் கடலோரத்தில் ஆரம்பித்து வெட்டிக்கொண்டே போகிறேன், பாரசீகம் வருகிறது, ரஷ்யா வருகிறது, இன்னும் முடியவில்லை. "சாப்பிட வர்றீங்களா இல்லையா" என்று ஜெயக்கொடி கேட்டபோது நான் காஸ்பியன் கடல் ஓரத்தில் இருந்தேன். இத்தனையும் குதிரை மேல் போய்ப் பிடித்தார்களா என்று நான் சாப்பிடும்போது கேட்டதற்கு, அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள்.

தயாளன் கையில் அட்டையில் ஒட்டிய படம் ஒன்றைக் கொடுத்து, ஜெயவேலுவுக்குச் சொல்லி அனுப்பினேன். தாம்பரம் மார்க்கெட்டில் நகைக்கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார் இரண்டு வீட்டுக்கும் பழக்கமானவர், காந்திமதிக்குத் தாலி செய்யச் சொல்லியிருந்ததும் அவரிடம்தான். அவர் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருக்கிறது, மூச்சு விட்டால் அசையும். நேற்று சாயங்காலம் அங்கே கூடினோம். ஜெயவேலு என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் அனுப்பியிருந்த படத்திலிருந்து அவரே வெட்டிய சோழ நாடு. கங்கைக்கரை, கடாரம், நடுவில் வங்காள விரிகுடா முழுவதும் அதில் இருந்தது. இதையும் நிறுப்போம், நான் வெட்டிய கடல் இல்லாத சோழனையும் நிறுப்போம், இரண்டு கணக்கும் இருக்கட்டும் என்றேன். அவர் தலையை அசைத்தார். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சுவார்த்தை அதுதான்.

முதலில் கடல் இல்லாத சோழன். கஃபார் பாய் இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்கப் போனார், துண்டு பறந்து ஷோகேஸுக்கு அடியில் போய்விட்டது. "ஃபேனை நிறுத்துங்கப்பா, ராஜ்யம் பறந்துட்டுது" என்றார். மூன்று பேரும் குனிந்து தேடி எடுத்தோம். மே மாதப் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் வியர்வை வழிய நின்றோம். தட்டில் வைத்தார். தட்டு இறங்கிற்றா என்றே தெரியவில்லை. பாய் பொடி எடைகளாக எடுத்து வைத்துப் பார்த்து, "ஒரு மூக்குத்தி வரும் சார். சின்ன மூக்குத்தி" என்றார். ஜெயவேலுவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவருடைய கடலோடு சேர்ந்த சோழன் ஒரு கம்மல் அளவுக்கு வந்தான். அசோகர் கால் பவுன். குப்தர்களும் ஔரங்கசீப்பும் அதற்குச் சற்றுக் கீழே.

"அந்தப் பெரிய துண்டு இன்னாது?" என்று ஜெயவேலு கேட்டார். மங்கோலியர் என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். தட்டில் வைக்க முடியவில்லை, பெட்டிக்குள்ளேயே நுழையவில்லை. பாய் யோசித்தார். "துண்டு போட்டாதான் ஆவும்" என்றார். ஜெயவேலு, "புள்ளைங்களுக்குப் பாகம் பிரிக்கிற மாதிரி நாலா வெட்டு" என்றார். நான் அவரைப் பார்த்தேன். உண்மையிலேயே அதுதான் நடந்தது சம்பந்தி, செங்கிஸ்கானின் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது நாலாகத்தான் பிரிந்தது என்றேன். "அங்கேயும் பாகப்பிரிவினைதானா" என்றார் மெதுவாக.

நாலு துண்டையும் அடுக்கி வைத்ததும் தட்டு இறங்கி அடியில் உட்கார்ந்தது. ஏறக்குறைய இரண்டு பவுன். பாய் எடைக்கற்களை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத் தட்டில் அசோகரை வைத்தார். அசையவில்லை. குப்தர்களை வைத்தார், ஔரங்கசீப்பை வைத்தார், கடலோடு சோழனை வைத்தார், மூக்குத்திச் சோழனையும் மேலே வைத்தார். நம் நாட்டில் பெரிய ராஜா என்று புத்தகத்தில் இருக்கிற எல்லாரும் ஒரு பக்கம். மங்கோலியர் தட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஜெயவேலு கண்ணாடிப் பெட்டிக்கு வெகு பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதெல்லாம் இப்ப யாரு பேர்ல கீது?" என்று கேட்டார்.

"யார் பேரிலயும் இல்ல சம்பந்தி. இந்தப் படத்துல ஒரே கலரா போட்டிருக்கே ரஷ்யா, அதுவே போன டிசம்பர்ல போயிடுச்சு."

"நாம பாத்துகினு இருக்கும்போதே போயிட்டுதா?"

"நான் கடையில பில் போட்டுட்டு இருந்தேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என் லேஅவுட்ட இதே அளவுல வெட்டேன், எவ்ளோ வருதுன்னு பாப்போம்" என்றார். நான் பென்சிலைச் சீவி முனையைக் காட்டினேன். இந்த முனையால் ஒரு புள்ளி வைத்தால் அந்தப் புள்ளிக்குள் தாம்பரம், முடிச்சூர், குரோம்பேட்டை, மெட்ராஸ் எல்லாம் அடங்கிவிடும், அதற்குள்ளே எங்கே உங்கள் லேஅவுட்டைத் தேடுவது என்றேன். அவர் பென்சிலை வாங்கி முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், அக்கா. தோள் குலுங்கச் சிரித்தார். "இதுக்கா நான் வேனைத் திருப்பிகினு போனேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏரியைப் பற்றிச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். "ஏரிய நான் விக்கல சம்பந்தி. கரை வரைக்கும்தான். ஆனா அந்தக் கரை வருசத்துக்கு ஒரு எடத்துல கீது, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். அசோகரின் எல்லையை வெட்டிப் பார்த்தவன் என்கிற முறையில் எனக்கு அவர் கஷ்டம் புரிந்தது. கஃபார் பாய் ஃபேனைப் போடுவதற்கு முன்னால் எல்லாச் சாம்ராஜ்யங்களின் மேலும் ஒரு எடைக்கல்லை வைத்தார். ஜெயவேலு மூக்குத்திச் சோழனை மட்டும் கேட்டு வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகவே அக்கா, வைகாசி மாதம் பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை காலையில் நிச்சயதார்த்தம், ஆவணியில் கல்யாணம் என்று கடையிலேயே பேசி முடித்தாகிவிட்டது. நீயும் மாமாவும் நாலு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். எழும்பூர் வரைக்கும் போய் அலையாமல் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள், நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மாமா இப்போது பெரிய கோயில் பக்கத்தில் குடியிருக்கிறார், நாலு விஷயம் தெரிந்தவர். தட்டு மாற்றி முடிகிற வரைக்கும் ராஜராஜன், ராஜேந்திரன், கப்பல்படை என்று எதையும் அவர் ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசி. வயிற்றில் பிறந்த மகளைப் போல நீ நினைக்கிற காந்திமதி நூறாண்டு நன்றாக இருக்க, இப்போதைக்கு அங்கிருந்தே மனசார வாழ்த்திவிடு.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
ஏகநாதன்

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலையில் ஒன்று நடந்துவிட்டது. ஜெயவேலு ஒரு கூடை சாத்துக்குடியோடு காந்திமதியைப் பார்க்க வந்தார். பேச ஆரம்பித்துவிட்ட பெண், நான் பாய் கடையிலிருந்து கொண்டுவந்து மேஜை மேல் போட்டிருந்த துண்டுகளைப் பார்த்து, "எந்த மேப்புலேந்துப்பா வெட்டினீங்க?" என்று கேட்டாள். காட்டினேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவள் எடுப்பது பூகோளம் என்பதை நான் மறந்தே போனேன். ஒரு சாத்துக்குடியை உரித்து, தோலைக் கிழியாமல் தட்டையாக வை என்றாள். நானும் சம்பந்தியும் மாறி மாறி அழுத்திப் பார்த்தோம், கிழிந்துகொண்டே போனது. "பூமியும் அப்படித்தான். கிழிஞ்சது தெரியாம இருக்க, இந்த மேப்புல மேலேயும் கீழேயும் இழுத்து விட்டிருக்காங்க. வடக்கே போகப் போக நாடெல்லாம் உள்ளதைவிடப் பெரிசாத் தெரியும். மங்கோலியா, ரஷ்யா எல்லாம் ஊதிப்போனது, மாமா" என்றாள். எவ்வளவு ஊதியிருக்கும் என்று ஜெயவேலு கேட்டார். மங்கோலியர் பாதியாகக் குறைவார்கள், அசோகரும் கொஞ்சம் இளைப்பார் என்றாள். "சோழன்?" என்றார். அவன் பூமத்திய ரேகைப் பக்கம், அவனை யாரும் அவ்வளவாக இழுக்கவில்லை, ஏறக்குறைய அப்படியேதான் இருப்பான் என்றாள். பாதியானாலும் மங்கோலியர்தான் எல்லாரையும்விடப் பெரியவர்கள் என்று அவள் சொன்னது சம்பந்தி காதில் ஏறவே இல்லை. "மத்தவன்லாம் ஊதினவன். நம்மாளு ஒருத்தன்தான் உள்ளது உள்ளபடி கீறான்" என்று சொல்லிக்கொண்டே கிழிந்த சாத்துக்குடித் தோலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அந்தத் தோலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஆகையால் அக்கா, மேலே எடை என்று வருகிற இடத்தை எல்லாம் அடித்துவிட்டுப் படி. தேதி மட்டும் சரி.